பெயரில்லாத ஸ்னேர் டிரம் ஒன்றின் பிறப்பைத் தேடியபோது

நண்பர் ஒருவரின் தந்தை நெடுங்காலம் வாசித்த, அடித்தோலில் கம்பிகள் அதிரும் ஸ்னேர் டிரம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. தந்தை மறைந்துவிட்டார், டிரம்மை விற்கும் எண்ணம் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. "இதை யார் செய்தார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அப்பா இதை ரேடியோ கிங் என்றுதான் சொல்வார்" என்று நண்பர் கேட்டுக்கொண்டார். 14 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல ஆழம், எட்டு லக்குகள் (தோலை இறுக்கும் திருகுகளைத் தாங்கும் உலோகப் பிடிகள்), வெண்முத்துப் பளபளப்பு கொண்ட செல்லுலாய்டு உறை. அந்த உறை வயதேறித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. பேட்ஜ் இல்லை, பேட்ஜ் ஒரு காலத்தில் இருந்ததற்கான ஆணித்துளைகூட இல்லை. வரிசை எண் இல்லை, உள்ளே ஒட்டிய தாள் இல்லை, தோலை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையங்களில் பொறித்த எழுத்தும் இல்லை. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து வாங்கி வந்தேன். எட்டு மாதங்கள் ஆயின.

ரேடியோ கிங் என்பது சிகாகோவின் ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த டிரம் வரிசையின் பெயர். அமெரிக்க ஜாஸ் டிரம் கலைஞர் ஜீன் குருபா வாசித்ததால் அந்தப் பெயருக்கு வந்த மவுசு இன்றும் குறையவில்லை. அதனாலேயே பேட்ஜ் இல்லாத பழைய டிரம் எதைக் கண்டாலும் அந்தப் பெயரைச் சூட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. அந்த வரிசையின் புகழ்பெற்ற ஸ்னேர் டிரம்களின் உடல் ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் இளக்கி வட்டமாக வளைத்துச் செய்யப்பட்டது. ஆகவே அதைச் சோதிப்பது எளிது. மேல் தோலைக் கழற்றி, ஷெல்லின், அதாவது டிரம்மின் உடலின், விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், ஒரே மரமாக இருப்பதும் பல அடுக்குகளாக ஒட்டியிருப்பதும் தெரிந்துவிடும். நான் பார்த்த விளிம்பில் இரண்டு பசைக்கோடுகள் ஓடின. வெளியிலும் உள்ளிலும் மெல்லிய அடுக்கு, நடுவில் வெளிறிய தடித்த அடுக்கு, உட்புறம் செம்பழுப்பான மஹோகனி, மேலும் கீழும் வலுவூட்டு வளையங்கள். மூன்றடுக்கு ஷெல். ரேடியோ கிங் என்னும் கனவு அந்த மாலையே முடிந்தது. ஆனால் அதோடு ஸ்லிங்கர்லேண்ட் என்னும் பெயரையும் சேர்த்துக் கைவிட்டேன் பாருங்கள், அதுதான் என் முதல் தவறு. ஒரு மாதிரி இல்லை என்று நிரூபணமானால் அந்த நிறுவனமே இல்லை என்று ஆகிவிடாது. அதே நிறுவனம் மூன்றடுக்கு டிரம்களையும் ஏராளமாகச் செய்தது.

இரண்டாவது தவறு இன்னும் வெட்கத்துக்குரியது. உட்புறம் தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்ததால், படம் எடுக்குமுன் சுத்தம் செய்துவிடலாம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தபோது அதில் சாம்பல் நிறக் கீற்றுகள் இருந்தன. ஷெல்லுக்குள் பென்சிலால் யாரோ எழுதியிருந்த ஒரு வரியில் பாதியை அழித்துவிட்டிருந்தேன். எஞ்சியது ஒரு வளைவும் இரண்டு கோடுகளும்தான். அது தொழிற்சாலைக் குறிப்பாக இருந்திருக்கலாம், பழுது பார்த்தவர் எழுதிய தேதியாகவும் இருந்திருக்கலாம். பழைய டிரம்மின் உட்புறம்தான் அதன் பதிவேடு. 1960களில் செய்யப்பட்ட பல லட்விக் டிரம்களில் உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கும். சில சமயம் அது எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே முதலில் எல்லாப் பக்கங்களையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். அதற்குப் பிறகும் உலர்ந்த மென்தூரிகைக்கு மேல் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

அதன்பின் ஸ்ட்ரெய்னரைக் கவனித்தேன். ஸ்னேர் கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் அந்த நெம்புகோல் அமைப்பின் பின்புறத்தில் அமெரிக்கக் காப்புரிமை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. பழைய இசைக்கருவிகளின் காலத்தைக் கணிப்பதில் காப்புரிமை எண் அருமையான துணை. இப்போதைய வரிசையில் அமெரிக்கக் காப்புரிமை எண்கள் 1911இல் 10 லட்சத்தையும், 1935இல் 20 லட்சத்தையும், 1961இல் 30 லட்சத்தையும் தொட்டன. இந்த மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்திருந்தாலே போதும், ஏட்டைப் புரட்டாமல் ஒரு பாகத்தின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். என் ஸ்ட்ரெய்னரில் இருந்த எண் 30 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆகவே "1961க்குப் பிந்தையது" என்று குறிப்பேட்டில் பெருமையோடு எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. அந்தக் காலம் ஸ்ட்ரெய்னருக்கு உரியது, டிரம்முக்கு உரியது அல்ல. மேலும், காப்புரிமை எண் ஒரு பொருள் எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும்; எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. ஒரே எண்ணைத் தாங்கிய பாகம் இருபது ஆண்டுகள் தொடர்ந்து வார்க்கப்பட்டிருக்கக்கூடும்.

நெட்டுக்கும் திருகுக்கும் இதே விதிதான் பொருந்தும். நான்முனைத் தலை கொண்ட பிலிப்ஸ் திருகு 1930களின் நடுப்பகுதியில்தான் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே 1920களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் டிரம்மில் அந்தத் திருகு இருந்தால், ஒன்று சொன்னது பொய், அல்லது திருகு மாற்றப்பட்டது. எதிர்த்திசையில் இந்த வாதம் செல்லாது. ஒற்றைப் பிளவுத் திருகு இருப்பதால் மட்டும் டிரம் பழையதாகிவிடாது. என் டிரம்மில் லக்குகளைப் பிடித்திருந்தவை அனைத்தும் ஒரே வகைத் திருகுகள். ஸ்ட்ரெய்னரையும், ஸ்னேர் கம்பிகளின் மறுமுனையைப் பிடிக்கும் எதிர்ப்பக்கப் பட் பிளேட்டையும் பிடித்திருந்தவை வேறு வகை. அந்த வேறுபாட்டைக் குறித்து வைத்தேனே தவிர, அதன் பொருளை அப்போது யோசிக்கவில்லை.

இதற்கிடையே இரண்டு சான்றுகள் டிரம்மைப் பின்னோக்கி இழுத்தன. ஒன்று, புதிய பிளாஸ்டிக் தோல் அதில் எளிதில் உட்காரவில்லை. 14 அங்குலத் தோலை வைத்து அழுத்தினால் பாதி இறங்கி நின்றது; சுற்றிலும் தட்டித் தட்டி இறக்க வேண்டியிருந்தது. கன்றுத்தோல் காலத்தில் ஷெல்லின் வெளிவிட்டம் இன்றைய அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. தோலை வளையத்தில் சுற்றி ஈரமாகவே டிரம்மில் ஏற்றி உலரவிட்டதால் அப்போது அது சிக்கலாகவில்லை. 1957ஐ ஒட்டி ரெமோ பெல்லி, சிக் எவன்ஸ் போன்றோரின் முயற்சியால் மைலார் என்னும் பிளாஸ்டிக் தோல்கள் பரவிய பிறகுதான் ஷெல்லின் அளவு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. இப்படிப்பட்ட டிரம்களுக்கென்றே கிளாசிக் ஃபிட் என்னும் பெயரில் சற்றுப் பெரிய தோல்களை ரெமோ விற்கிறது; அதை வாங்கிப் பொருத்துவதுதான் முறை. ஷெல்லை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிதாக்கச் சொல்வோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒலியும் கெடும், சான்றும் போகும்.

மற்றொன்று அந்தத் தேன் நிற உறை. புகையிலும் வெளிச்சத்திலும் பல பத்தாண்டுகள் கிடந்த செல்லுலாய்டு இப்படித்தான் நிறம் மாறும். அது 1930களின் உறையாகவே எனக்குப் பட்டது. ஸ்ட்ரெய்னர் 1961 என்கிறது, தோலின் இறுக்கம் 1957க்கு முன் என்கிறது, உறை 1930கள் என்கிறது. மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்து வாரக்கணக்கில் வெறித்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகள் இடைவெளி உள்ள சாட்சிகளைச் சமமாக நம்பி, சராசரி எடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. அது எவ்வளவு அபத்தம் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

முடிச்சை அவிழ்த்தவர் டிரம் பழுதுபார்ப்பதில் நீண்ட அனுபவமுள்ள ஒரு பெரியவர். படங்களை அனுப்பிவிட்டு, என் ஊகங்களையெல்லாம் தொலைபேசியில் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வெளியே எத்தனை துளை இருக்கிறது, உள்ளே எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணினீர்களா?" என்றார். "இரண்டும் ஒன்றாகத்தானே ஐயா இருக்க வேண்டும்?" என்றேன். "எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டார்.

வெளிப்புறத்தில் லக்குகளுக்குப் பதினாறு, ஸ்ட்ரெய்னருக்கு இரண்டு, பட் பிளேட்டுக்கு இரண்டு, ஆக இருபது துளைகள். உட்புறத்தில் இருபத்து மூன்று. ஸ்ட்ரெய்னருக்கு அருகில் மரத்தூள் பசையால் அடைத்த இரண்டு சிறிய வட்டங்கள் இருந்தன. மூன்றாவது, நான் மஹோகனியின் கணு என்று நினைத்துப் பலமுறை கடந்துபோன கரும்புள்ளி. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதைச் சுற்றி மரத்தில் ஒரு மெல்லிய வட்டப் பள்ளம். உலோக வளையம் ஒன்று நெடுங்காலம் அழுந்தியிருந்த தடம் அது. காற்றுத்துளை! டிரம் அடிக்கப்படும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற ஷெல்லில் வைக்கும் துளை. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் பேட்ஜை அந்தத் துளையில் பொருத்தும் உலோக வளையத்தால்தான் பிடித்துவைத்தன. இந்த டிரம்மில் காற்றுத்துளையே இல்லாததும், அதன் ஒலி சற்று மூச்சடைத்தாற்போல் இருந்ததும் முதல் நாளே என் கவனத்துக்கு வந்தவை. இரண்டையும் தோலின் மேல் பழிபோட்டு விட்டுவிட்டேன்.

ஆக, பேட்ஜ் தொலைந்துபோகவில்லை. யாரோ ஒருவர் பேட்ஜைக் கழற்றி, துளையை அடைத்து, அதன் மேல் முழு டிரம்மையும் புதிய உறையால் போர்த்தியிருக்கிறார். நான் வாரக்கணக்கில் ஆராய்ந்த தேன் நிறம் டிரம்மின் வயதே அல்ல. எவரோ செய்த மராமத்தின் வயது. உறை எவ்வளவு பழையதாக இருந்தாலும் டிரம்மைவிட இளையது. ஸ்ட்ரெய்னரும் பிறகு வந்தது என்பதை அடைத்த இரண்டு துளைகளும் வேறுபட்ட திருகுகளும் சேர்ந்து சொல்லிவிட்டன. அன்றுமுதல் நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் ஷெல்லின் மரம், அதன் அடுக்கு, அதில் போட்ட துளைகள். பிறகு லக்குகள். அதற்கும் பிறகு ஸ்ட்ரெய்னரும் வளையங்களும். கடைசியாக உறை, தோல், கம்பி. எது எளிதில் கழன்று வருமோ அதன் சாட்சியம் அந்த அளவுக்குப் பலவீனமானது. மரத்தில் போட்ட துளையை அடைக்கலாம், மறைக்கலாம். போடாததாக ஆக்க முடியாது.

உறையின் இணைப்பு, அதாவது ஒரு முனை மற்றொன்றின் மேல் படியும் இடம், அடைத்த காற்றுத்துளைக்கு நேர் மேலேதான் ஓடியது. போர்த்தியவர் அந்த இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பசை ஏற்கெனவே விட்டுப்போய் முனை கால் அங்குலம் எழும்பியிருந்தது. வழவழப்பான தட்டைக் கத்தியைச் செருகி, ஒரு மாலை முழுவதும் சிறிது சிறிதாக இரண்டரை அங்குலம் வரை தூக்கினேன். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பழைய செல்லுலாய்டு நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது மிக எளிதில் தீப்பற்றும். சூடுகாட்டிப் பசையை இளக்கும் வழக்கத்தைப் பழைய உறைகளிடம் காட்டக் கூடாது. பொறுமை ஒன்றே பாதுகாப்பான கருவி. உறைக்கு அடியில் கருப்பு அரக்குப் பூச்சு இருந்தது. துளையைச் சுற்றி அந்தக் கருப்பு இன்னும் ஆழமாக, மங்காமல், ஓரங்கள் அலையலையாக வளைந்த ஒரு வடிவத்தில் நின்றது. பேட்ஜ் மறைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் தப்பியிருக்கிறது. ஒரு சிறு மேகத்தைப் படம் வரைந்தது போன்ற அந்த ஓரம், சேகரிப்பாளர்கள் கிளவுட் பேட்ஜ் என்று அழைக்கும் ஸ்லிங்கர்லேண்ட் பேட்ஜின் ஓரம். முதல் நாளே நான் கைவிட்ட பெயர், எட்டு மாதம் கழித்து நிழலாகத் திரும்பி வந்தது.

அந்த நிழல் காலத்தையும் நெருக்கிக் கொடுத்தது. மேக வடிவப் பேட்ஜை அந்நிறுவனம் 1950களின் நடுப்பகுதி வரை பயன்படுத்தியது. பிறகு கருப்பும் பித்தளை நிறமுமான பேட்ஜ் வந்தது. 1960இல் தொழிற்சாலை சிகாகோவிலிருந்து அருகிலுள்ள நைல்ஸுக்கு மாறிய பிறகு ஊர்ப்பெயரும் மாறியது. மறுபக்கம், இந்த டிரம்மின் லக்குகளைப் பழைய விற்பனைப் பட்டியல்களின் மறுபதிப்புகளோடு ஒப்பிட்டபோது, அவை சவுண்ட் கிங் என்னும் வகை என்று தெரிந்தது. அது 1955ஐ ஒட்டி அறிமுகமானது. ஒரு சான்று "இதற்குப் பின் இல்லை" என்கிறது, மற்றது "இதற்கு முன் இல்லை" என்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மிகக் குறுகியது. தோல் இறுக்கமாக உட்கார்ந்ததும் மைலார் தோல்களுக்கு முந்தைய அந்தக் காலத்தோடு ஒத்துப்போனது. மூன்றடுக்கும் வலுவூட்டு வளையங்களும் இதற்கு இடையூறு செய்யவில்லை. 1970களின் நடுப்பகுதியில் வளையமில்லாத ஐந்தடுக்குக்கு மாறும்வரை அந்நிறுவனம் இந்த அமைப்பைத்தான் பயன்படுத்தியது.

ஆனாலும் ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. லக்குகள் பிறவியிலேயே இந்த டிரம்மில் இருந்தவையா? லக் துளைகள் ஒரே தொகுதி; அடைத்த துளை அவற்றின் அருகில் எங்கும் இல்லை. உட்புறத்தில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் ஒரே ஒரு வாஷர் தடம். இதிலிருந்து, வேறு இடைவெளி கொண்ட லக் இங்கே இருந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அதே இடைவெளி கொண்ட இன்னொரு லக் இருந்திருக்க முடியாது என்று சொல்ல முடியாது. துளைகளின் இடைவெளியை வெர்னியர் அளவுகோலால் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, அதே நிறுவனத்தின் அடையாளம் தெரிந்த டிரம்மோடு ஒப்பிடுவது இந்தத் துறையில் கைரேகைச் சோதனைக்குச் சமம். ஆனால் கைரேகை பொருந்தினால் நிறுவனம் தெரியும், ஆண்டு தெரியாது.

மேல் வளையத்தின் உதடு உள்நோக்கி மடிந்திருந்தது. அடிக்கும் குச்சி சிதையாமல் இருப்பதற்காக ஸ்லிங்கர்லேண்ட் 1950களிலிருந்து செய்த ஸ்டிக் சேவர் வளையம் இது. கீழ் வளையமோ வெளிநோக்கி மடிந்த சாதாரண வகை. இந்த ஜோடியைப் பார்த்ததுமே நான் நிறுவனத்தைச் சொல்லியிருக்கலாமே என்று யாரேனும் கேட்டால், முடியாது என்பதுதான் பதில். 14 அங்குல வளையங்கள் எட்டு லக் டிரம்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இசைக்குழுவில் ஒரு வளையம் வளைந்துபோனால் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள்.

"யார் செய்தது" என்னும் கேள்வியே சில டிரம்களில் பொருளிழந்துவிடும். க்ரெட்ஷ் டிரம்களின் ஆறடுக்கு ஷெல்கள் இண்டியானாவின் ஜாஸ்பர் நகரத்து மரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. மாசசூசெட்ஸின் வால்பெர்க் அண்ட் ஆஜ் நிறுவனம் பல டிரம் நிறுவனங்களுக்கு உலோகப் பாகங்களை விற்றது, தன் பெயரிலும் டிரம்களை அடுக்கி விற்றது. லட்விக் என்னும் பெயரோ தனிக் குடும்பக் கதை. வில்லியம் லட்விக்கும் தம்பி தியோபால்டும் 1909இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் 1929இல் கான் நிறுவனத்திடம் போனது. இண்டியானாபொலிஸின் லீடி டிரம் நிறுவனத்தையும் கான் வாங்கியது. பெயரை இழந்த வில்லியம் லட்விக் 1937இல் டபிள்யூ.எஃப்.எல். என்று தம் முதலெழுத்துகளில் வேறு நிறுவனம் தொடங்கினார். 1955இல் தம் பெயரையே திரும்ப விலைக்கு வாங்கினார். அதே ஆண்டு லீடி பெயர் ஸ்லிங்கர்லேண்டிடம் சேர்ந்தது. இந்தக் கைமாற்றங்களுக்கு நடுவே பழைய இருப்பிலிருந்த பாகங்கள் எந்த டிரம்மில் ஏறின என்று பார்த்தால், பேட்ஜ் உள்ள டிரம்களே சில சமயம் குழப்பும்.

இந்த அனுபவம் வந்த பிறகு இன்னொரு பெயரில்லாத டிரம்மை ஒருவர் கொண்டுவந்தார். அதை ஒரு மணி நேரத்தில் முடித்தேன்; சாமர்த்தியம் அல்ல, கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. லக்குகள் அமெரிக்க வார்ப்பைப் போலவே இருந்தன. ஆனால் அமெரிக்க டிரம்களில் வழக்கமான 12-24 அளவு மரையுள்ள டென்ஷன் ராட் (தோலை இறுக்கும் நீண்ட திருகு) இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. வலுக்கட்டாயமாகத் திருகாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் சான்றுதரும் மரையையே அரைத்துவிடுவோம். ஷெல்லின் உட்புறம் நுண்துளைகள் விரிந்த, செந்நிற லுவான் மரம். உலோகப் பூச்சு மெலிந்து பல இடங்களில் பொரிந்திருந்தது. மெட்ரிக் மரை, லுவான், அமெரிக்க வார்ப்பின் நகல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது 1960களின் ஜப்பானிய டிரம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அக்காலத்தில் பேர்ல், ஹோஷினோவின் ஸ்டார் உட்பட ஜப்பானியத் தொழிற்சாலைகள் இறக்குமதியாளர்களும் கடைகளும் கேட்ட பெயர்களையெல்லாம் ஒட்டி அனுப்பின. கொண்டுவந்தவர் முகம் வாடியது. எனக்கு அந்த டிரம்மின் ஒலி பிடித்திருந்தது என்று சொன்னேன், உண்மையாகவே பிடித்திருந்தது.

மரைச் சோதனையை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். அடையாளம் தெரிந்த ஒரு 12-24 ராட்டையும் எம்6 என்னும் மெட்ரிக் மரையுள்ள ராட்டையும் பெட்டியில் வைத்திருங்கள். எம்6 சரியாக இறங்கினால் ஜெர்மனியின் சோனாரை முதலில் நினையுங்கள். உலோக ஷெல் என்றால் ஒரு காந்தம் போதும்; ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பித்தளை அல்லது அலுமினியம், அவ்விரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பூச்சு நீலச்சாயல் கொண்ட குரோமியமா, மஞ்சள் சாயல் கொண்ட நிக்கலா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்; குரோமியப் பூச்சு 1920களில்தான் வணிகத்துக்கு வந்தது. உட்புறம் வெள்ளிநிறப் பூச்சும் வலுவூட்டு வளையமின்மையும் சேர்ந்திருந்தால் க்ரெட்ஷை நினைக்கலாம், ஆனால் வெள்ளிநிறப் பெயின்ட் டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே நினையுங்கள். லக்குகளே மரத்தால் ஆனவை என்றால் திகைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இசைக்கருவிகளில் உலோகப் பயன்பாடு எடையில் பத்து சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. ஸ்லிங்கர்லேண்டின் ரோலிங் பாம்பர் என்னும் டிரம் வரிசை அந்தக் காலத்துப் பிள்ளை. உள்ளே தாள் ஏதேனும் ஒட்டியிருந்தால் முகவரியைப் படியுங்கள். ஐந்திலக்க ஜிப் குறியீடு இருந்தால் அது 1963க்குப் பிந்தையது. "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. வரிசை எண்ணை மட்டும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். லட்விக் 1963க்குப் பின் பேட்ஜில் எண் பொறித்தது உண்மைதான், ஆனால் பெட்டியில் கைக்கு வந்த பேட்ஜை எடுத்து அடித்ததால் எண் வரிசையும் ஆண்டு வரிசையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

நண்பரிடம் டிரம்மைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஓர் அட்டையில் நான் கண்டதை எழுதினேன். ஷெல் ஸ்லிங்கர்லேண்டின் மூன்றடுக்கு, உறுதி. பேட்ஜ் மேக வடிவம், நிழலைக் கொண்டு சொல்வது, ஏறத்தாழ உறுதி. காலம் 1955ஐ ஒட்டியது, லக்குகள் மூலத்தவை என்றால். ஸ்ட்ரெய்னர் 1961க்குப் பிந்தைய மாற்று. உறை, கீழ் வளையம் ஆகியவை பின்னர் வந்தவை. முதல் பூச்சு கருப்பு அரக்கு. அப்பா சொன்ன ரேடியோ கிங் இல்லை என்று சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. நண்பர் சிரித்துவிட்டு, "கம்பெனியையாவது சரியாகச் சொல்லியிருக்கிறாரே" என்றார். என்னைவிட எட்டு மாதம் முன்னதாகவே சொல்லியிருக்கிறார் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

அடைத்த காற்றுத்துளையைத் திறக்கலாமா என்று அவர் கேட்டார். உறை மூலத்தது அல்ல என்பதால் தயக்கம் இல்லை. உட்புறத்திலிருந்து பழைய அடைப்பின் நடுவே மெல்லிய துளையிட்டு, அதை மையமாகக் கொண்டு மெதுவாக அகலப்படுத்தி, மரத்தைத் தொடாமல் அடைப்பை மட்டும் நீக்கினோம். டிரம்மின் ஒலியில் இருந்த அடைப்பும் அதோடு ஓரளவு விலகியது. மேக வடிவப் பேட்ஜின் புதிய நகல்கள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் அழகாக இருக்கும் என்று நண்பர் சொன்னார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து இன்னொருவர் இந்த டிரம்மை மேசைமேல் வைத்து விளக்கைச் சாய்க்கும்போது, அந்த நகலும் அதற்குள் வயதேறிப்போய் மூலம் போலவே நிற்கும். எழுத்தில்லாத ஒரு பித்தளை வளையத்தை மட்டும் துளையில் பொருத்தி, அட்டையை ஷெல்லுக்குள் வைத்துத் தோலை மூடினோம்.